எஞ்சின் செத்துவிட்டது என்று சொன்னால், பிஸ்டனைக் காட்டச் சொல்லுங்கள்

குமரி மாவட்டக் கடற்கரையில் அவுட்போர்டு எஞ்சின் (வள்ளத்தின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின்) வைத்துத் தொழில் செய்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். சூடாகி நின்றுபோன எஞ்சினைச் சரிசெய்வதா, வேறு வாங்குவதா என்ற முடிவை எஞ்சின் விற்கிறவரிடமே விடாதீர்கள்.

என் மைத்துனரும் நானும் பங்காக வைத்திருக்கும் வள்ளம். மண்ணெண்ணெயில் ஓடும் 9.9 குதிரைத்திறன் எஞ்சின். இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். தொழில் முடித்துத் திரும்பும்போது வேகம் குறைந்தது, பெயின்ட் கருகும் நாற்றம் அடித்தது. எஞ்சினைக் குளிர்வித்துவிட்டுப் பின்பக்கம் பீச்சிக்கொண்டே இருக்க வேண்டிய தண்ணீர் வரவில்லை. மைத்துனர் உடனே நிறுத்திவிட்டார். கூட வந்த பையன் கடல்நீரை அள்ளி எஞ்சின் மேல் ஊற்றப் போனான், தடுத்தோம். அவ்வளவு சூட்டில் இருக்கும் அலுமினியத்தில் தண்ணீர் பட்டால் ஹெட் (சிலிண்டரின் மூடி) கோணிவிடலாம், வெடிப்பும் விழலாம். ஆறவிட்டு, இன்னொரு வள்ளத்தில் கயிறு கட்டிக் கரை சேர்ந்தோம்.

நாங்கள் கொண்டுபோன பட்டறை எஞ்சின் வியாபாரமும் செய்கிறது. இரண்டு நாள் கழித்துப் போனபோது, சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் மீட்டரை மாட்டிக் கயிற்றை இழுத்துக் காட்டினார் பட்டறைக்காரர். இரண்டு சிலிண்டரிலும் முள் 60-ஐத் தாண்டவில்லை, அழுத்தம் குறைவு.

"ரெண்டு சிலிண்டருமே போய்விட்டது அண்ணே. சிலிண்டர் பிளாக்கே வீண். இதில் காசைப் போடாதீர்கள்."

அதே மூச்சில், மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த ரீகண்டிஷன் (பழுதுபார்த்துப் புதுப்பித்த பழைய) எஞ்சினைத் திறந்து காட்டினார். விலை 85,000 ரூபாயாம். எங்களுடையதற்குப் பழைய இரும்புக் கணக்கில் 6,000 ரூபாய் கழித்துக்கொள்வாராம்.

ஹெட்டைத் திறந்து பிஸ்டனைக் காட்டுங்கள் என்றோம். திறந்தால் கேஸ்கட் (ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே கசிவை அடைக்கும் தகடு) வீணாகிவிடும் என்றார். "எஞ்சினே வீண் என்கிறீர்கள், கேஸ்கட் வீணானால் என்ன?" என்று மைத்துனர் கேட்டார். அதோடு பட்டறைக்காரரின் பேச்சில் இருந்த 'அண்ணே' காணாமல் போய்விட்டது. பார்த்த கூலி என்று 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டுதான் எஞ்சினை விட்டார். ரசீது கேட்டோம், தரவில்லை.

அங்கிருந்து நேராக, விற்பனை எதுவும் செய்யாத ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். ஹெட்டை எங்கள் முன்னாலேயே கழற்றினார். இரண்டு சிலிண்டருக்கும் நடுவே கேஸ்கட் கருகி, ஒரு கறுப்புக் கோடாக வழி விழுந்திருந்தது. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டிலும் அழுத்தம் ஒன்றுபோல இறங்கியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான் என்றார். ஒன்றின் காற்று மற்றொன்றுக்குள் போய்விடுவதால் மீட்டர் இரண்டிலுமே குறைத்துக் காட்டும். தினமும் எஞ்சினைப் பிரிக்கிற பட்டறைக்காரருக்கு இது தெரியாதா?

பிறகு எக்ஸாஸ்ட் மூடியைக் கழற்றி, துவாரம் வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைக் காட்டினார். மெல்லிய கீறல்கள் இருந்தன. பிஸ்டன் ரிங் சிக்கி ஒட்டிக்கொள்ளவில்லை, குச்சியால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வந்தது. ஹெட்டின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்து, அடியில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) செருகிப் பார்த்தார். லேசான கோணல்தான். கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை விரித்துத் தேய்த்தே சமமாக்கிவிட்டார். மூலகாரணம் கீழே தண்ணீர் பம்பில் இருந்தது. தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரில் மூன்று இறக்கைகள் ஒடிந்திருந்தன. ஒடிந்த துண்டு ஒன்று தண்ணீர் குழாயில் அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டிருந்தால் மறுபடியும் இதே கதைதான்.

கேஸ்கட், இம்பெல்லர், கூலி எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துக்குள் முடிந்தது. மறுபடி மீட்டர் வைத்தபோது இரண்டு சிலிண்டரும் நன்றாக ஏறி, ஏறக்குறைய ஒரே அளவில் நின்றன.

சூடான எஞ்சின் எல்லாமே பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. பிளாக்கில் வெடிப்பு விழுந்திருந்தாலோ, கனெக்டிங் ராடு சூட்டில் நீலம் பாய்ந்திருந்தாலோ, உப்புத் தண்ணீர் கிராங்க் பக்கம் இறங்கி நாள்கணக்கில் கிடந்து பேரிங் துருப்பிடித்திருந்தாலோ, மாற்றுவதுதான் சரி. ஏற்கெனவே போர் செய்து (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி), கடைசி ஓவர்சைஸ் பிஸ்டன் வரை போன எஞ்சினிலும் பணத்தைக் கொட்ட வேண்டாம். ஆனால் இவை அத்தனையும் திறந்தால் கண்ணுக்குத் தெரிகிற குறைகள். திறக்காமல் சொல்கிறவரை நம்பி எண்பதாயிரம் கடன் வாங்கினால், அதை அடைக்க எத்தனை பாடு வேண்டும் என்று நமக்குத்தானே தெரியும்.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் கார்புரேட்டரின் (எரிபொருளையும் காற்றையும் கலக்கும் பாகம்) சோக் குமிழ் ஆடுகிறது என்று மைத்துனர் அதில் செம்புக்கம்பி சுற்றி வைத்திருந்தார். பட்டறையிலிருந்து வந்த எஞ்சினில் அந்தக் கம்பி இல்லை; மாட்டியிருந்தது வேறு ஏதோ எஞ்சினின் தேய்ந்துபோன கார்புரேட்டர். கேட்டால், இப்படித்தான் வந்தது என்று பட்டறைக்காரர் சாதிக்கிறார். அதனால் எஞ்சினைக் கையை விட்டுக் கொடுக்கும் முன் எஞ்சின் எண், கார்புரேட்டர், தீப்பொறிக்கான இக்னிஷன் காயில் எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்படைத்ததற்கு ஒரு துண்டுத்தாளிலாவது கையெழுத்து வாங்குங்கள்.

நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம். இதே மாதிரி எஞ்சினைத் திறக்காமலே மாற்றச் சொல்லப்பட்டவர்கள், பாகம் மாறி வந்தவர்கள் இருந்தால் உங்களிடம் உள்ள ரசீதையும் படங்களையும் பத்திரமாக வைத்திருங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் கேட்கலாம்.