செயின்ட் ஹெலினா: வாரத்துக்கு ஒரே ஃப்ளைட், ஒரு வாரம் முழுசா தங்கிட்டு வந்தேன்

ஸ்கூல்ல நெப்போலியன் பாடம் நடத்துறப்ப கேட்ட பேரு. ஆப்பிரிக்காவுக்கும் பிரேசிலுக்கும் நடுவுல மேப்புல உத்துப் பாத்தா கடுகு மாதிரி ஒரு புள்ளி தெரியும், அதான். தனி நாடு கிடையாது, பிரிட்டனோட கடல் கடந்த பகுதி, ஐநா நாடுகள் லிஸ்ட்ல தேடினா வராது. ஆனா சொந்தமா காசு அடிக்கிறாங்க, ஸ்டாம்ப் போடுறாங்க. மொத்தமே 121 சதுர கிலோமீட்டர், நாலாயிரத்துச் சொச்சம் ஜனம், ஆப்பிரிக்கக் கரைக்கே 1,850 கிலோமீட்டருக்கு மேல போகணும். ரொம்ப வருஷக் கனவு, காசு சேத்துப் போய்ட்டு வந்தேன்.

முதல்ல ஃப்ளைட் பத்தி. ஜோகன்னஸ்பர்க்லேர்ந்து ஏர்லிங்க், சனிக்கிழமை. 2017 அக்டோபர் 14 அன்னிக்குத்தான் முதல் ரெகுலர் ஃப்ளைட்டே இறங்கிச்சு, அதுக்கு முன்னாடி கேப் டவுன்லேர்ந்து ஆர்எம்எஸ் செயின்ட் ஹெலினா கப்பல்ல அஞ்சாறு நாள் போகணும். 28.5 கோடி பவுண்டு செலவழிச்சு ஏர்போர்ட் கட்டிட்டு, 2016ல பாத்தா அங்க காத்து திடீர் திடீர்னு திசை மாறுது, பெரிய விமானம் இறக்க முடியல, உலகத்துலயே பிரயோஜனம் இல்லாத ஏர்போர்ட்னு பேப்பர்ல எல்லாம் எழுதினாங்க. இப்ப வர்றது எம்ப்ரேயர் 190, சின்ன விமானம். நான் போனப்ப நமீபியால வால்விஸ் பேல இறங்கி டேங்க் நெறப்பிட்டுத்தான் கெளம்பிச்சு, ஏன்னா தீவுல இறங்க முடியலன்னா திரும்பி வர்ற அளவுக்கு எண்ணெய் இருக்கணும், நடுவுல ஒதுங்க வேற எடமே கெடையாது. மணிக்கணக்கா கடலைத் தவிர எதுவும் தெரியல, அப்புறம் திடீர்னு செங்குத்தா ஒரு கறுப்புப் பாறை. ரன்வே பள்ளத்தாக்க மண்ணு கொட்டி ரொப்பிக் கட்டினது, ரெண்டு முனையிலயும் கீழ பள்ளம்தான். கடைசி ரெண்டு நிமிஷம் நல்லாவே குலுக்கிச்சு, பக்கத்து சீட்டு பாட்டி அந்தத் தீவுக்காரங்க, என் கைய புடிச்சுக்கிட்டாங்க. பைலட் அழகா இறக்கினாரு, உள்ள இருந்த எல்லாரும் கை தட்டினோம். டிக்கெட் விலை ரொம்ப அதிகம்தான், ஆனா அந்த வேலைக்கு அந்தக் காசு குடுக்கலாம்னு எனக்குத் தோணுது.

இன்ஷூரன்ஸ் விஷயத்துல மட்டும் ஏமாந்துறாதீங்க. தீவுல சின்ன ஆஸ்பத்திரி ஒண்ணுதான், பெரிசா ஏதாச்சும்னா விமானத்துல வெளிய கொண்டு போகணும், அதுக்கான கவர் உள்ள பாலிசி இல்லாம உள்ள விட மாட்டாங்க. எனக்கு எடுத்துக் குடுத்த ஏஜென்ட் எல்லாம் இருக்கு சார்னு சொன்னாரு, கெளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி உக்காந்து படிச்சா அந்த வரியே அதுல இல்ல. அவசரத்துல வேற பாலிசி எடுத்தேன், கிட்டத்தட்ட டபுள் காசு. நீங்களே ஒரு தடவ முழுசா படிச்சிருங்க.

ஜேம்ஸ்டவுன் ரெண்டு மலைக்கு நடுவுல இடுக்குல செருகின மாதிரி ஒரு தெரு. அங்கேர்ந்து நேரா மேல போற ஜேக்கப்ஸ் லேடர், 699 படி. படி ஒவ்வொண்ணும் நம்ம மாடிப்படிய விட உயரம், பாதில நின்னு திரும்பிப் பாத்தா தல சுத்துது, கம்பிய விடவே கூடாது. 1829ல சாமான் மேல இழுக்கப் போட்ட பாதையாம். அந்தக் காலத்துப் பசங்க ஒரு கம்பில தோள வச்சு இன்னொரு கம்பில கால வச்சு மேலேர்ந்து கீழ வரைக்கும் சறுக்கிட்டே வருவாங்களாம், தங்கின வீட்டுக்காரர் தானும் அப்படித்தான் ஸ்கூல் விட்டு வருவேன்னு சொன்னாரு.

ஆனா என் மனசுல நிக்கிறது நெப்போலியன் கல்லறைதான். அவர் 1815ல கைதியா வந்தாரு, 1821 மே 5ல லாங்வுட் வீட்டுல செத்தாரு. அந்த வீட்டு ஜன்னல் கதவுல ரெண்டு ஓட்ட இருக்கு, வெளிய நிக்கிற காவக்காரங்களுக்குத் தெரியாம டெலஸ்கோப் வச்சுப் பாக்க அவரே போடச் சொன்னதாம். நான் குனிஞ்சு பாத்தேன், புல்வெளியும் மூடுபனியும்தான் தெரிஞ்சுது. ஐரோப்பாவையே ஆட்டி வச்ச மனுஷன் கடைசில பாத்தது அந்தப் பனிய. கல்லறை வேற எடத்துல, பள்ளத்தாக்குக்குள்ள, மரங்களுக்கு நடுவுல ஒரு வெறும் கல்லு. பேரே இல்ல. நெப்போலியன்னு மட்டும் போடணும்னு பிரெஞ்சுக்காரங்க, போனபார்ட்டும் சேத்துத்தான் போடணும்னு கவர்னர் ஹட்சன் லோ, ரெண்டு பக்கமும் விட்டுக் குடுக்கல, ஒண்ணுமே எழுதாம மூடிட்டாங்க. 1840ல உடம்பை பாரிஸுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க, இப்ப அது காலிக் குழிதான், இருந்தாலும் அங்க நின்னப்ப தொண்டை அடைச்சுது. இன்னொண்ணு, லாங்வுட் வீடு ரெடியாகுற வரைக்கும் நெப்போலியன் இருந்தது பிரையர்ஸ்ங்கிற எடம். அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி இந்தியாலேர்ந்து திரும்பற வழில வெல்லெஸ்லியும் அதே எடத்துலதான் தங்கினாரு. ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்புவுக்கு எதிரா நின்ன அதே வெல்லெஸ்லி, பின்னாடி வாட்டர்லூல நெப்போலியனையும் தோக்கடிச்சவரு.

ஜோனதன் ஆமைய கவர்னர் வீட்டுத் தோட்டத்துல பாக்கலாம், 1832 வாக்குல பொறந்ததுன்னு கணக்கு. கண்ணு தெரியாது, மோப்பமும் போயிடுச்சு, காது மட்டும் நல்லா கேக்கும். கிட்ட போக விட மாட்டாங்க, அதுவும் நல்லதுதான். கழுத்த மெதுவா நீட்டி ஒரு வாய் புல்லு மேஞ்சுட்டு அப்படியே நின்னுடுச்சு, நானும் முக்கால் மணி நேரம் நின்னேன்.

சாப்பாடு: மிளகா போட்ட டூனா ஃபிஷ்கேக், அப்புறம் ப்ளோன்னு ஒண்ணு, அரிசி கறி மசாலா எல்லாம் ஒரே சட்டில, நம்ம புலாவோட சொந்தக்காரன்னு வாயில வச்ச உடனே தெரிஞ்சுது. சைவக்காரங்க கொஞ்சம் சிரமப்படணும், காய்கறி பெரும்பாலும் கப்பல் வந்தாத்தான், கடை ரேக் காலியா இருந்ததப் பாத்தேன்.

ரோட்டுல எதிர்ல வர்ற ஒவ்வொரு வண்டியும் கையாட்டிட்டுப் போவாங்க, தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லாம் கெடையாது. மூணாவது நாள்லேர்ந்து நானும் ஆட்ட ஆரம்பிச்சுட்டேன். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் எங்கயும் போக முடியாதுங்கிறதுதான் இந்த ட்ரிப்போட பெரிய ப்ளஸ், அவசரமே வராது. மணல் பீச்சுல படுக்கணும்னு நெனக்கிறவங்க போகாதீங்க, அங்க கடல் பாறைதான். திமிங்கலச் சுறா பாக்கணும்னா ஜனவரிலேர்ந்து மார்ச்சுக்குள்ள போங்க.

நான் போனப்ப தீவுல ஏடிஎம் இல்ல, பவுண்டு நோட்டா கொண்டு போங்க. மிச்சம் இருக்கிற உள்ளூர் நோட்ட கெளம்புறதுக்கு முன்னாடி பாங்க்ல மாத்திடுங்க, அசென்ஷன் தீவு தவிர வெளிய எங்கயும் வாங்க மாட்டாங்க. ஆமை படம் போட்ட 5 பென்ஸ் காசு ஒண்ண மட்டும் நான் மாத்தல, பர்ஸ்லயே இருக்கு.