கரூர் துண்டுத்துணிக் கடை: மூட்டையை விடுங்கள், பிளாக்கைக் கேளுங்கள்

ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறவர்கள் கரூர்ப் பக்கம் போனால், கிலோ கணக்கில் துண்டுத்துணி விற்கும் கடை ஒன்றில் கட்டாயம் நுழைந்துவிட்டு வாருங்கள். ஆனால் கட்டி வைத்திருக்கும் மூட்டையை வாங்காதீர்கள். தரையில் கொட்டிக் கிடக்கும் குவியலில் உட்கார்ந்து பொறுக்குங்கள். அதைவிட முக்கியம், தைத்து மிஞ்சிய பிளாக் (துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த சதுரம்) ஏதாவது இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள், ஏனென்றால் கேட்காதவர்களுக்கு அதை எடுத்துக் காட்டுவதே இல்லை.

நான் வாங்கும் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தகர ஷெட், வாசலில் எலக்ட்ரானிக் தராசு, உள்ளே இடுப்பளவுக்குத் துணிக் குவியல். கரூரிலிருந்து வெளிநாட்டுக்குப் போவது பெரும்பாலும் வீட்டுத் துணிகள்தான்: மேசை விரிப்பு, தலையணை உறை, ஏப்ரன், கிச்சன் டவல், படுக்கை விரிப்பு. அவற்றை வெட்டித் தைத்த பிறகு மிஞ்சுவது இந்தக் கடைகளுக்கு வந்து சேர்கிறது. திருப்பூர் மிச்சத்தையும் இதையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். திருப்பூரில் கிடைப்பது பனியன் துணி, இழுத்தால் நீளும், பின்பக்கம் வேறு துணி ஒட்டிக்கொள்ளாமல் அதை நேராகத் தைக்க வராது. கரூர்த் துணி தறியில் நெய்தது. மூலைக்கு மூலை பொருத்தினால் பொருந்தி நிற்கும். கில்ட்டுக்கு, அதாவது ஒட்டுத்துணிப் போர்வைக்கு, வேண்டியது அதுதான்.

நான் கடைசியாக வாங்கியபோது விலை இப்படி: கலவை மூட்டை கிலோ 90 ரூபாய், குவியலில் நாமே பொறுக்கினால் 140, தைத்த பிளாக் 220. பொறுக்குவதற்குக் கூட 50 ரூபாயா என்று முதலில் தோன்றும். மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் அந்த 50 ரூபாய் நியாயம்தான் என்று புரிந்துவிடும். மேலே பளபளவென்று கோடு போட்ட பாப்ளின் நாலு துண்டு தெரியும், நடுவில் கை விட்டால் கனமான கேன்வாஸ், ஜிப் டேப், ஸ்பாஞ்ச் ஒட்டிய துண்டு, எங்கிருந்தோ வந்த கொசுவலை. எடையைக் கூட்டுவதே இந்த கேன்வாஸ்தான், காசு கொடுத்ததில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். பை தைக்கிறவர்களுக்கு அது தங்கம், போர்வைக்கு ஆகாது. கடையில் எடை போடும் அம்மா இதை ஒளிக்கவும் இல்லை: "போர்வைக்குன்னா மூட்டை வேண்டாம் கண்ணு, இப்படி உட்காந்து பொறுக்கிக்கோ, மெல்லிசா இருக்கறதா பார்த்து எடு." இந்த ஒரு வார்த்தைக்காகவே இன்னொரு கடைக்குப் போகத் தோன்றவில்லை.

மெல்லிசு என்று அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. துண்டுத்துணி வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்துப் பிரிப்பார்கள், சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம். முதலில் கனத்தைப் பார்த்துப் பிரியுங்கள். மெல்லிய பாப்ளினையும் முரட்டு டவல் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால் நாலு தடவை துவைப்பதற்குள் கனமான துணி மெல்லியதை இழுத்து, தையல் ஓரத்தில் நூல் பிரிந்து நிற்கும். இரண்டு விரலுக்கு நடுவில் துணியை மடித்துத் தேய்த்துப் பார்த்தாலே போதும், கை சொல்லிவிடும். கேன்வாஸ், டவல், பாப்ளின் என்று மூன்று குவியல். ஒரு போர்வைக்கு ஒரு குவியல்தான், கலக்கவே கூடாது.

அப்புறம் பாலியஸ்டர் கலப்பு. சந்தேகமான துண்டில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தியென்றால் காகிதம் எரிகிற வாசம் வரும், சாம்பல் தொட்டால் உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். கலப்புத் துணி தப்பில்லை, ஆனால் பருத்திக்குக் காட்டுகிற சூட்டில் அயர்ன் பண்ணினால் மினுமினுத்துப் பாழாகும், அதனால் தெரிந்துகொண்டு தனியாக வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் ஊறப்போட்டுத் துவைத்துவிட வேண்டும். சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கிக்கொள்ளும், கஞ்சி போகும், சாயம் விடுகிற துணி எது என்றும் தெரிந்துவிடும். கரும்சிவப்பையும் கருநீலத்தையும் ஒரு வெள்ளைத் துண்டோடு தனி வாளியில் ஊறவைத்துப் பார்க்காமல் நான் எதிலும் சேர்ப்பதில்லை. சிறு துண்டுகளைப் பழைய தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி அலசுங்கள், இல்லாவிட்டால் பிசிறு நூல் எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு பிரிக்கவே ஒரு பொழுது போகும்.

இப்போது பிளாக்குகளுக்கு வருகிறேன், எனக்கு இந்தக் கடை பிடித்ததற்குக் காரணமே அவைதான். ஆர்டருக்குத் தைத்து, அளவு தவறியோ எண்ணிக்கை மிஞ்சியோ ஒதுக்கப்பட்ட சதுரங்கள். குஷன் உறைக்கு முன்பக்கமாகத் தைத்தவை என்று தோன்றுகிறது. என் கையில் கிடைத்ததில் ஒன்று லாக் கேபின் என்ற கில்ட் டிசைன்: நடுவில் செங்கல் நிறத்தில் இரண்டு இஞ்ச் சதுரம், அதைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டி, ஒரு பாதி வெளிர் நிறம், மறுபாதி கருநீலம். திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு பட்டியின் ஓரத்திலும் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய நம்பர், எது முதலில், எது அடுத்தது என்று தைத்தவர்களுக்கு அடையாளம். மடிப்பு எல்லாம் ஒரே பக்கமாக அயர்ன் பண்ணியிருந்தது. யாரோ நன்றாகத் தெரிந்தவர் தைத்தது, எண்ணிக்கையில் ஒன்று கூடிவிட்டதால் குப்பையாகிவிட்டது. அப்படி ஒதுக்கிய வேலை முழுப் போர்வையாகி ஒரு வீட்டில் விரிக்கப்படுவதை நினைத்தால் எனக்கு மனசு நிறைகிறது.

குறையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். சிலவற்றில் தையல் இழை நீளமாக விட்டு ஓட்டியிருக்கிறார்கள், இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் நடுவில் தையல் நூல் பல் மாதிரி தெரிகிறது. அப்படி இருப்பதைப் பிரிக்க வேண்டாம், அதே கோட்டின் மேல் இழையைச் சின்னதாக்கி இன்னொரு தையல் ஓட்டுங்கள், போதும். ஓரத்தில் கால் இஞ்ச் கூட மிச்சம் விடாத பிளாக் இருந்தால் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மிச்ச பிளாக்குகளில் தலைவலி என்னவென்றால் இரண்டு ஒரே அளவில் கிடைக்காது. ஒன்று 10 இஞ்ச், ஒன்று 11½, இன்னொன்று ஒரு பக்கம் சாய்ந்தது. இதற்கு நான் செய்வது இது: இருப்பதிலேயே பெரியதை எடுத்து அதைவிட ஒரு இஞ்ச் கூட்டி அளவு வைத்துக்கொள்வேன். பிறகு எல்லா பிளாக்கையும் சுற்றி ஒரே நிறத்தில் பட்டி கொடுத்து, வேண்டியதைவிடப் பெரிதாகவே தைத்து, கடைசியில் ஸ்கேலை வைத்து எல்லாவற்றையும் அந்த அளவுக்கு வெட்டுவேன். பட்டி ஒரு பக்கம் அகலமாகவும் ஒரு பக்கம் ஒடுக்கமாகவும் வரும். வரட்டும், அந்தக் கோணல்தான் இந்தப் போர்வைக்கு அழகு. பட்டிக்கு மட்டும் துண்டுத்துணியை நம்பாதீர்கள், ஒரே கோரா காடாத்துணியில் மூன்று மீட்டர் புதிதாக எடுத்துவிடுங்கள். பத்து விதமான பிளாக்குகளும் ஒரு குடும்பமாகத் தெரிவது அந்த ஒரே நிறத்தால்தான். முடித்த பிறகு 12 இஞ்ச் வருகிற மாதிரி வெட்டினால் குறுக்கே 5, நீளத்தில் 7, மொத்தம் 35 பிளாக்கில் ஒற்றைக் கட்டிலுக்கு 60க்கு 84 இஞ்ச் போர்வை ஆகிவிடும்.

வெறும் துண்டுகளில் தைக்கப் போகிறவர்கள் வாங்கும் முன் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2½ இஞ்ச் சதுரமாக வெட்டினால் நாலு பக்கமும் கால் இஞ்ச் தையலில் போய் 2 இஞ்ச்தான் மிஞ்சும், அதாவது துணியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடியில் மடிந்துவிடும். 5 இஞ்ச் சதுரம் என்றால் ஐந்தில் ஒரு பங்குதான் போகும். அதனால் பெரிய துண்டைச் சின்னதாக்காதீர்கள், சின்னது சின்னதாகவே நிறையக் கிடைக்கும். வெட்ட ரோட்டரி கட்டர் (சக்கரம் போல் உருளும் வட்டக் கத்தி) இருந்தால் மணிக்கட்டுக்கு நல்லது. ஓல்ஃபா என்ற ஜப்பான் கம்பெனி 1979இல் கொண்டுவந்த கருவி இது, கில்ட் தைக்கிறவர்கள் உலகம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை. இல்லையென்றால் நல்ல கத்தரிக்கோலும் அட்டையில் வெட்டிய ஒரு சதுரமும் போதும்.

எந்தச் சதுரத்துக்கும் அடங்காத கோணல்மாணல் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். வட கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த சித்தி இனப் பெண்கள் பிளாக் என்று எதையும் தைப்பதே இல்லை. பழைய சேலையை அடியில் விரித்து, அதன் ஓரத்திலிருந்து தொடங்கி, கிடைத்த துண்டைக் கிடைத்த வடிவத்தில் வைத்து, கையால் ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். துண்டு சேர்வதும் அடுக்கு சேர்வதும் ஒரே தையலில் முடிந்துவிடும். நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த வண்ணத் துண்டுகளை வைத்துத் தைத்தால்தான் அவர்களுக்குப் போர்வை முழுமை. குவியலின் அடியில் மிஞ்சியதையெல்லாம் நான் இந்த முறையில்தான் தீர்க்கிறேன், தொட்டில் விரிப்பு அளவுக்கு அருமையாக வருகிறது.

உள்ளே வைக்கும் பஞ்சு விரிப்பு இந்தக் கடையில் கிடையாது, நம் வெயிலுக்கு அது தேவையும் இல்லை. எட்டு முழ வேட்டி பழசாக ஒன்று இருந்தால் அதை இரண்டாக வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் ஒற்றைக் கட்டில் போர்வைக்குத் தாராளமாகப் போதும். அடிப்பக்கத்துக்கு ஒரு பருத்திச் சேலை, அதையும் இப்படியே இரண்டாக்கி இணைத்துவிடலாம். மூன்று அடுக்கையும் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு ஊக்கு குத்தி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தைத்துக்கொண்டு போங்கள். மெஷினில் வாக்கிங் ஃபுட் (மேல் துணியையும் சேர்த்து இழுக்கும் பாதம்) மாட்டினால் மேல் துணி விலகிப் போகாது. 14ஆம் நம்பர் ஊசி போதும்.

கடையில் இன்னும் சில குறைகள். உட்கார்ந்து பொறுக்கும் இடத்தில் வெளிச்சம் போதாது, சாயங்காலம் போனால் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகவே தெரியும், காலையில் போங்கள். தூசி அதிகம், மாஸ்க் கட்டாயம். துண்டுகளில் ஸ்டேப்ளர் பின்னும் குண்டூசியும் இருக்கும், கையால் அள்ளிவிடாமல் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். மிஷின் ஆயில் கறை பட்ட துண்டு துவைத்தாலும் போகாது, எடை போடும் முன்பே ஒதுக்கிவிடுங்கள், எடை போட்ட பிறகு திருப்பி எடுக்க மாட்டார்கள்.

வெளியூருக்கு பார்சலில் அனுப்புகிறார்கள், ஐந்து கிலோவுக்குக் குறைந்து அனுப்புவதில்லை. போனில் சொல்லும்போது "மெல்லிசு மட்டும், பொறுக்கினது" என்று சொல்லுங்கள், வெறுமனே துண்டுத்துணி என்றால் கலவை மூட்டைதான் வரும். பிளாக் வேண்டுமென்றால் தனியாகப் படம் கேளுங்கள், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பின்பக்கப் படத்தில் தையல் ஓரம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.