டைல்ஸ் வேண்டாம் என்றால் குளியலறைச் சுவருக்கு வேறு என்ன?

எங்கள் அடுக்ககக் குளியலறை 8 அடிக்கு 5 அடி. 20 ஆண்டுகளுக்கு முன் ஒட்டிய வெள்ளை டைல்ஸை மேஸ்திரி விரல் கணுவால் தட்டிக்கொண்டே வந்தார். ஷவருக்குக் கீழே வந்ததும் ஒலி மாறியது. "உள்ளே பொள்ளலாகிவிட்டது அம்மா, பெயர்த்துத்தான் ஆக வேண்டும்" என்றார். மறுபடியும் டைல்ஸ்தானா என்று கேட்டேன். பழைய பல் துலக்கும் பிரஷை வைத்து ஓயாமல் சந்துக் கறுப்பைத் தேய்த்தவளுக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு.

டைல்ஸின் மேல் எனக்குக் கோபமில்லை. அதன் மினுக்குப் பரப்பில் தண்ணீர் இறங்குவதில்லை. இரண்டு ஓட்டுக்கு நடுவில் அடைத்த சிமெண்டில்தான் இறங்குகிறது. ஆகவே மாற்று எதைப் பார்த்தாலும் முதலில் சந்துகளை எண்ணினேன். அடுத்த கேள்வி கொஞ்சம் கூச்சமானது: அந்தச் சுவர் ஆசிட்டைத் தாங்குமா? எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. மாதம் ஒருமுறை யாராவது ஆசிட் பாட்டிலைத் திறந்துவிடுகிறார்கள். கூடாது என்று சொல்லிப் பார்த்தாயிற்று.

எல்லாரும் முதலில் கைகாட்டுவது பிவிசி பலகைகளை. ஒன்றன் விளிம்பு அடுத்ததன் காடியில் பொருந்தும். உள்ளே குழல் குழலாக வெற்றிடம். பழைய டைல்ஸை உடைக்காமலேயே மேலே அடித்துவிடலாம், ஓரிரு நாளில் வேலை முடியும், கீழ்வீட்டாரின் முணுமுணுப்பும் இல்லை. ஆசிட்டும் இதை ஒன்றும் செய்யாது. ஏறக்குறைய முடிவெடுத்துவிட்ட நிலையில் நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அங்கே குழாய் பழுதுக்காக ஒரு பலகையைக் கழற்றியிருந்தார்கள். பின்னால் இருந்த மரச் சட்டம் ஊறிப்போய் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. கரப்பான் பூச்சிகள் நான்கு திசையிலும் சிதறின. குழாய்த் துளை வழியாகவும் அடி விளிம்பு வழியாகவும் உள்ளே போகும் ஈரம் உலர வழியே இல்லை. பிவிசி 80 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும் பொருள் வேறு; கீசரின் வெந்நீர்க் குழாய் உரசிய இடத்தில் பலகை நெளிந்திருந்தது. அலுமினியச் சட்டம் போட்டு, விளிம்பெல்லாம் சிலிகான் அடைத்தால் இவ்வளவு மோசமாகாது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தோடு குடித்தனம் நடத்த எனக்கு மனமில்லை.

என் மனம் போனது சுண்ணாம்பின் பக்கம். செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர்கள் இன்றும் பளபளக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் கூடத்துச் சுவர்கள். தினமும் தண்ணீர் அடிபடுபவை அல்ல. தண்ணீருக்கென்றே பிறந்த சுண்ணாம்புப் பூச்சு மொரோக்கோவில் இருக்கிறது. மராக்கெஷ் பக்கத்து நீராவிக் குளியல் கூடங்களில் பூசும் தடெலாக்ட்தான் அது. மெருகேற்றும்போது ஆலிவ் எண்ணெய்ச் சோப்பைத் தடவிக் கூழாங்கல்லால் அழுத்தித் தேய்ப்பார்கள். சோப்பின் கொழுப்பு அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு படலம் உண்டாகிறது. நம் உப்புத் தண்ணீரில் சோப்பு போட்டால் வாளியில் ஒட்டும் அந்த வெள்ளைப் பிசுக்கும் ஏறக்குறைய இதேதான். நமக்குத் தலைவலி, அவர்களுக்குக் கவசம்.

சந்தே இல்லாத சுவர், கையால் தடவினால் முட்டை ஓடு போல இருக்கும். ஆனால் எங்கள் ஆசிட் பாட்டில் ஒரு மூடி அளவு பட்டால் போதும், சுண்ணாம்பு நுரைத்து அரித்துவிடும். பழைய டைல்ஸை முழுக்கப் பெயர்க்கவும் வேண்டும். அந்தக் கைத்திறன் உள்ள கொத்தனாரைத் தேடி அலையவும் வேண்டும்.

இப்போது பேச்சில் அடிபடும் மைக்ரோ சிமெண்ட் என்ற மெல்லிய சிமெண்ட் பூச்சு, டைல்ஸ் மேலேயே 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்தில் பூசக்கூடியது. இதிலும் சந்து இல்லை. அடியில் இருப்பது உறுதியாக இருந்தால் மட்டுமே இது நிற்கும்; எங்களுடையதுபோல் பொள்ளலான டைல்ஸ் அசைந்தால் மேலேயும் விரிசல் வரும். தண்ணீரைத் தடுப்பது மேலே பூசும் பாலியூரிதேன் மெருகுதான். அது தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும். பாட்டி வீட்டுக் குளியலறையில் மூன்றடி உயரத்துக்குச் சிவப்பு ஆக்சைடு கலந்த சிமெண்ட் பூச்சு இருந்தது. செலவு குறைவு, மயிரிழை விரிசல் நிறைய. மைக்ரோ சிமெண்ட் அதன் படித்த பேத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

டைல்ஸ் மேல் அடிக்கும் எப்பாக்ஸி பெயிண்ட் வாடகை வீட்டுக்கு நல்லது. ஷவர் அடிக்கும் இடத்தில் உரியாமல் இருக்கும் என்று நம்பாதீர்கள். கண்ணாடிப் பலகை அழகுதான். ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் துடைக்க ஆள் இருந்தால் போடலாம்.

மிஞ்சியது கிரானைட். ஒரு சுவருக்கு இரண்டு மூன்று பலகைகள், சந்தும் அவ்வளவே. வீட்டு ஆசிட்டுக்குச் சட்டென்று மசியாது. கடையில் பக்கத்திலேயே மலிவாகக் கடப்பைக் கல் நிற்கும். அதுவும் கறுப்புதானே என்று வாங்கிவிட வேண்டாம். அது சுண்ணாம்புக் கல், ஆசிட் பட்டால் வெளுத்துவிடும். கிரானைட்டிலும் கறுப்பு வேண்டாம். உப்புக் கறை அதில்தான் பளிச்சென்று தெரியும்.

சிக்கல் எடை. 18 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சதுர அடி சுமார் நாலரைக் கிலோ. ஆறடிக்கு மூன்றடிப் பலகை என்றால் 80 கிலோ. அரைச்செங்கல் சுவரில் சிறு துண்டுகளாகத்தான் ஒட்டுவேன் என்று மேஸ்திரி அடம்பிடித்தார், சரிதான். கல்லும் கலவையும் சேர்ந்து ஒரு பக்கம் ஒன்றரை அங்குலம் தின்னும். ஐந்தடி அறையில் இரு பக்கமும் ஒட்டினால் மூன்று அங்குலம் போச்சு. சுவருக்குள் பதித்த குழாயின் வாயும் உள்ளே போய்விடும். முன்கூட்டியே பிளம்பரைக் கூப்பிட்டு வெளியே இழுக்க வேண்டும்.

கடைசியில் ஷவர் பக்கத்து இரண்டு சுவர்களுக்கு ஏழடி வரை சாம்பல் நிறக் கிரானைட் போட்டோம். மற்ற இரண்டுக்கும் மூன்றரை அடி வரைதான் கல். அதற்கு மேல் வெளிச்சுவருக்கு அடிக்கும் எமல்ஷன். கல் ஒட்டும் முன் சுவருக்கு நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, தரையில் 48 மணி நேரம் தண்ணீரைத் தேக்கிவைத்தோம். இரண்டாம் நாள் காலையில் கீழ்வீட்டு அம்மாள் தன் கூரையைப் பார்த்துவிட்டு "சொட்டவில்லை" என்று மாடிப்படியிலிருந்தே குரல் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் கல் வண்டிக்கே சொல்லி அனுப்பினேன்.