மீட்டருக்கு நான்கு நட்சத்திரம், கணக்குக்கு ஒன்று

கீழக்கரையில் லிஃப்ட் உள்ள 24 வீட்டு அடுக்குமாடி ஒன்றில் தண்ணீர், ஜெனரேட்டர், பொது மின்சாரம் மூன்றையும் அளந்து வீடுவீடாக பில் போடும் பராமரிப்பு நிறுவனத்தின் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. பெயரைத் தவிர்த்திருக்கிறோம். உச்சிப்புளியிலோ தொண்டியிலோ இதே மாதிரி பில் வாங்குகிறவர்களும் கீழே உள்ள சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

அளக்கும் வேலையை நன்றாகச் செய்கிறார்கள். மாதம் 1ஆம் தேதி மீட்டர் முகப்பைப் படம் எடுத்து, பில்லோடு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் படம் போகிறது. துபாயில் இருக்கிற உரிமையாளருக்கு இது பெரிய உதவி. தண்ணீர் மீட்டர்கள் பிளாஸ்டிக் உடல் கொண்ட மல்டிஜெட் வகை (தண்ணீர் பல துளை வழியே பாய்ந்து சக்கரத்தைச் சுற்றும்). முன்னால் வடிகட்டி வைத்து, குழாய் படுக்கையாக ஓடும் இடத்தில் பொருத்தியிருக்கிறார்கள். நம் உப்புத் தண்ணீருக்கு அதுதான் தாங்கும்.

மீட்டர் மேல் சந்தேகம் இருந்தால் 20 லிட்டர் கேனை ஐந்து தடவை நிரப்புங்கள். 98 முதல் 102 லிட்டருக்குள் காட்டினால் மீட்டரில் குறையில்லை. எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் முகப்பில் உள்ள சின்னச் சக்கரம் சுற்றினால் வீட்டுக்குள் கசிவு இருக்கிறது. பெரும்பாலும் ஃப்ளஷ் டேங்க்தான். மேல்தொட்டி வற்றி மறுபடி நிரம்பும்போது குழாயில் அடைந்த காற்றும் மீட்டரைச் சுற்றிவிடும். ஒரு மாதம் மட்டும் அளவு எகிறியிருந்தால், தொட்டி எத்தனை முறை வற்றியது என்று வாட்ச்மேனிடம் முதலில் கேளுங்கள்.

சிக்கல் விலையில் இருக்கிறது. பில்லில் தண்ணீருக்கு ஒரே வரிதான்: இத்தனை கிலோலிட்டர், இத்தனை ரூபாய். அந்த விலை எப்படி வந்தது என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. தரைக்கடியில் உள்ள சம்ப் தொட்டியில் விழுவதோ மூன்று வகைத் தண்ணீர். 2009 முதல் மாவட்டத்துக்கு வரும் காவிரி கூட்டுக் குடிநீர் ஒன்று. அது வரும் நேரமும் அளவும் நிலையில்லாதவை. போர்வெல்லின் உப்புத் தண்ணீரை ஆர்.ஓ.வில் சுத்திகரித்து எடுப்பது இன்னொன்று. இரண்டும் போதாத நாளில் லாரி வருகிறது. மூன்றுக்கும் செலவு வேறு வேறு. எந்த மாதம் எது எவ்வளவு வந்தது என்று போடாமல் சராசரி விலை மட்டும் போட்டால், யாராலும் சரிபார்க்க முடியாது.

இதில் நடக்கும் மோசமான தவறு இரட்டை வசூல். ஆர்.ஓ. மோட்டார் ஓடும் மின்சாரம் பொது இ.பி. இணைப்பில் ஏறுகிறது, அந்த பில்லைச் சதுர அடிக்குப் பிரித்து எல்லாரிடமும் வாங்கிவிடுகிறார்கள். பிறகு தண்ணீர் விலைக்குள்ளும் 'ஆர்.ஓ. இயக்கச் செலவு' என்று அதே மின்சாரம் இன்னொரு முறை நுழைகிறது. சிறு தொகை என்று விட்டுவிடாதீர்கள். உவர்த் தண்ணீர் ஆர்.ஓ. ஒரு கிலோலிட்டர் நல்ல தண்ணீர் தர சுமார் 2 யூனிட் எடுக்கும் என்று வையுங்கள். நாளுக்கு 10 கிலோலிட்டர் என்றால் மாதம் 600 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றாலே 4,800 ரூபாய். 24 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 200 ரூபாய் அநியாயமாகப் போகிறது. ஆர்.ஓ. பேனலுக்குத் தனி சப்மீட்டர் மாட்டி, அந்த யூனிட்டைப் பொது பில்லிலிருந்து கழித்த பிறகுதான் பிரிக்க வேண்டும். வேறு வழி கிடையாது.

மேல்தொட்டிக்கு ஏற்றும் தண்ணீருக்கும் வீட்டு மீட்டர்களின் கூட்டுத் தொகைக்கும் 10 சதவீதம் வரை வித்தியாசம் இருப்பதை ஏற்கலாம். அதற்கு மேல் போனால் மிதவை வால்வு பழுதாகி இரவில் தொட்டி வழிகிறது, அல்லது மீட்டர் இல்லாத பொதுக் குழாய் ஒன்று இருக்கிறது. இந்த நிறுவனம் அந்த இழப்பைத் தேடுவதில்லை, விலையில் ஏற்றிவிடுகிறது.

ஜெனரேட்டருக்கு வருவோம். நல்ல லோடில் ஒரு லிட்டர் டீசலுக்கு 3 முதல் 3.5 யூனிட் கிடைக்கும். 62.5 கே.வி.ஏ. திறன் உள்ள பெரிய ஜெனரேட்டரில் நாலு ஃபேனும் ஒரு லிஃப்டும் மட்டும் ஓடினால் 2 யூனிட்கூடத் தேறாது. டீசல் பில், ஓடிய மணிக்கணக்கு, ஜெனரேட்டர் மீட்டர் யூனிட் மூன்றையும் அருகருகே வைத்துக் கேளுங்கள். பேனலில் உள்ள சி.டி. (மின்னோட்டத்தைக் குறைத்து மீட்டருக்குத் தரும் கருவி) 100/5 என்றால் ரீடிங்கை 20ஆல் பெருக்க வேண்டும். 60/5 என்றால் 12. இந்த ஒரு எண் மாறினால் மொத்தக் கணக்கும் சாயும். வீட்டில் உள்ள ஜெனரேட்டர் சப்மீட்டருக்கு எளிய சோதனை: மின்தடையே இல்லாத நாளில் காலை, மாலை ரீடிங் குறியுங்கள். நகர்ந்திருந்தால் வயரிங் கோளாறு. உப்புக் காற்றில் டெர்மினல்கள் பச்சை பிடிப்பது இங்கே வழக்கம். மழைக்காலத்துக்கு முன் பெட்டியைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

மின்வாரியம் பில் போடுவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நிறுவனமோ மாதாமாதம் வாங்குகிறது. இடையில் வரும் 'அட்ஜஸ்ட்மென்ட்' வரிக்கு விளக்கம் கேளுங்கள். பொது இணைப்பின் நுகர்வோர் எண் இருந்தால் மின்வாரிய இணையதளத்திலேயே தொகையைப் பார்த்துவிடலாம். பொது வசதிகளுக்கான தனிக் கட்டணம் 2022 செப்டம்பரில் யூனிட்டுக்கு 8 ரூபாய் என வந்தது. பின்னர் கூடியிருப்பதால் மின்வாரிய பில்லில் அச்சான விலையையே எடுங்கள். நிறுவனத்தின் பில்லில் ஜி.எஸ்.டி. வரி இருந்தால் உடனே நிறுத்திக் கேளுங்கள். வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாய்க்குள் வீட்டு உரிமையாளர் சங்கம் வாங்கும் பராமரிப்புக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. நிறுவனம் சங்கத்திடம் வாங்கும் சேவைக் கட்டணத்துக்கு வரி வேறு விஷயம்.

வவுச்சர் கேட்டால் நிறுவனம் 'கமிட்டியிடம் கொடுத்துவிட்டோம்' என்கிறது. சங்கத்தின் கமிட்டி 'கம்பெனியிடம் இருக்கிறது' என்கிறது. இதை ஏற்கவே கூடாது. சங்கச் செயலாளருக்குச் சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீடு போஸ்ட்டில் எழுதுங்கள்: இ.பி. பில், லாரி டிரிப் சீட்டு, டீசல் பில், நிறுவன ஒப்பந்தம், விலையை நிர்ணயித்த பொதுக்குழுத் தீர்மானம் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று. சங்கம் 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவாகியிருந்தால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் கையெழுத்திட்டு, பிரிவு 36இன் கீழ் விசாரணை கேட்டுப் பதிவாளரிடம் மனுக் கொடுக்கலாம். 24 பேர் உறுப்பினர்கள் என்றால் 8 கையெழுத்து. அதுவரை பணத்தை மொத்தமாக நிறுத்த வேண்டாம். லிஃப்டும் மோட்டாரும் நின்றால் வயதானவர்கள்தான் தவிப்பார்கள். சந்தேகமில்லாத தொகையைக் கட்டிவிட்டு, மீதிக்கு ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள்.

இந்தச் சேவையைத் தொடரலாமா? மீட்டர் படிக்க மட்டும் என்றால் தாராளமாக. விலை நிர்ணயத்தை அவர்களிடம் விடக் கூடாது. அடுத்த ஒப்பந்தத்தில் ஆர்.ஓ. சப்மீட்டர், எந்தத் தண்ணீர் எவ்வளவு வந்தது என்ற மாதக் கணக்கு, வவுச்சர் நகல் மூன்றையும் எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பழைய ரீடிங் எல்லாம் அவர்களுடைய செயலிக்குள் இருப்பதால், ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே முழுவதையும் எக்செல் கோப்பாக வாங்கிச் சங்கத்தின் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.