நீலகிரியின் எழுதப்படாத வரலாறு: உதகை நூலகமா, எழும்பூர் ஆவணக் காப்பகமா?

தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டனாரின் தடத்தைத் தேடுவோர், 1859இல் தொடங்கிய உதகை நீலகிரி நூலகத்துக்கும் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் இடையே தயங்குகின்றனர்.

செலவு: உதகை நூலகம் உறுப்பினர்களுக்கானது; முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். எழும்பூருக்கோ பயணம், தங்குமிடம் எனச் செலவு கூடும்.

எளிமை: உதகையில் அச்சு நூல்களைப் புரட்டினாலே போதும். எழும்பூரில் ஆராய்ச்சி அனுமதி பெற்று, அட்டவணையில் கோப்பு எண்ணைக் கண்டறிந்து, எடுத்துவரும் வரை காத்திருக்க வேண்டும்.

ஆழம்: இதில்தான் உண்மையான வேறுபாடு. பழைய அச்சு நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர் பார்வையில் எழுதப்பட்டவை. அவற்றில் தோட்டத் தொழிலாளி பெயரற்ற ‘கூலி’யாகவே வருகிறார். எழும்பூரிலுள்ள, நில வரியைக் கவனித்த வருவாய் வாரியத்தின் கோப்புகளிலோ நிலத் தகராறும் மனுக்களும் பதிவாகியிருப்பதால், எளியவர்களின் குரலை, அதிகாரியின் வாசகத்தினூடாகவேனும், கேட்க முடிகிறது. ஆனால் 1868 வரை நீலகிரி பெரும்பாலும் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இணைந்திருந்ததால், அதற்கு முந்தைய செய்திகளைக் கோயம்புத்தூர்த் தொகுதிகளில் தேட வேண்டும். நீலகிரியின் படகர் சமூகத்தினரைப் ‘பர்கர்’ என்றும் கோத்தகிரியைக் ‘கோட்டகெரி’ என்றும் எழுதியிருப்பார்கள். இது தெரியாமல் கோப்பை மூடிவிட்டு வருவது எத்தனை பெரிய இழப்பு!

ஊரின் பின்னணி அறிய உதகை போதும். ஒரு குடும்பத்தையோ ஒரு நிலத்தையோ பின்தொடர்பவர் எழும்பூருக்கே செல்ல வேண்டும். அதற்குமுன் உதகையில் இரண்டு நாள் படித்துவிட்டுச் செல்வது நல்லது.