டாக்கில் எச்டிஎம்ஐயா, டிஸ்ப்ளேபோர்ட்டா?

நாகர்கோவிலில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். புது 4கே மானிட்டரை டாக்கின் (லேப்டாப்போடு மானிட்டர், மற்ற கருவிகளை இணைக்கும் பெட்டி) எச்டிஎம்ஐயில் செருகினேன், படம் வந்தது, சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்பு விட்டுவிட்டுத் தாவுகிறது. செட்டிங்ஸில் பார்த்தால் 30 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 30 முறைதான் படம் புதுப்பிக்கப்படுகிறது!

டாக்கில் இருந்தது எச்டிஎம்ஐ 1.4, 4கேயில் அதனால் முடிவது அவ்வளவுதான். 60 வேண்டுமென்றால் 2.0 வேண்டும், பெட்டியில் வெறும் '4கே' என்று போட்டிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள்.

மானிட்டருக்கான இன்னொரு இணைப்பான டிஸ்ப்ளேபோர்ட் என்றால் 1.2 பதிப்பே 60ஐத் தாங்கும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: பல யூஎஸ்பி-சி டாக்குகள் கேபிளில் படம் போகும் தடங்களில் பாதியை வேகமான யூஎஸ்பிக்காக எடுத்துக்கொள்ளும், அப்போது லேப்டாப் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 மட்டும் கொடுத்தால் எந்தத் துளையில் செருகினாலும் மறுபடி 30தான். லேப்டாப், டாக் இரண்டும் 1.4 என்றால் கவலையில்லை.

கேபிள் கிடைப்பதில் எச்டிஎம்ஐதான் வசதி, மார்த்தாண்டத்தில் ராத்திரி எட்டு மணிக்கு வாங்கியிருக்கிறேன். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளுக்கு ஆன்லைனில் சொல்லிவிட்டு, அடைமழையில் நாலு நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் என் ஓட்டு அதற்குத்தான்.

அப்புறம், டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைக் கழற்றும்போது தலையிலுள்ள சின்ன கிளிப்பை அமுக்கிவிட்டு இழுங்கள். எல்லாக் கேபிளிலும் அது இருக்காது, ஆனால் இருந்தால் சும்மா இழுத்து வராது.