வில்லி நெல்சன்: எந்தப் பாட்டை, எந்தப் பதிவில் கேட்பது?

வில்லி நெல்சன் பாடல்களைத் தேடிப் போனால் முதலில் மலைக்க வைப்பது எண்ணிக்கைதான். 1933-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அபாட் என்ற சிற்றூரில் பிறந்த கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய வகை இசை) பாடகர், பாடலாசிரியர். ஒரே பாட்டை அறுபதுகளில் ஸ்டுடியோவில், எழுபதுகளில் மேடையில், முதுமையில் மறுபடியும் என்று பலமுறை பதிவு செய்திருக்கிறார். தவறான பதிவில் மாட்டினால் அருமையான பாட்டும் சப்பென்று இருக்கும். இங்கே பரிந்துரைக்கும் எல்லாவற்றுக்கும் அளவுகோல் ஒன்றே: பின்னணி இசை குறையக் குறைய வில்லி தெளிவாகக் கிடைக்கிறார்.

காரணம் அவர் பாடும் முறை. காலால் நான்கு அடி தட்டிக்கொண்டே கேளுங்கள். வரியின் முதல் சொல் அடியில் விழாது. சில வரிகளில் அடிக்குப் பிறகு நிதானமாக வரும். சில வரிகளில் முந்திக்கொண்டு வந்து, மிச்ச இடத்தை வெறுமையாக விட்டுவிடும். கர்நாடக இசை பழகியவர்கள் அதீத, அநாகத எடுப்புகளை (தாளத்துக்கு முன்போ பின்போ பாட்டு தொடங்குவதை) நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே எடுப்பு முன்பே தீர்மானமான ஒன்று; இவர் வரிக்கு வரி மாற்றுகிறார். இப்படிப் பாடும் குரலுக்குப் பின்னால், அடி பிசகாமல் போகும் வயலின் கூட்டமும் கோரஸும் சேர்ந்தால் என்ன ஆகும்? அவர் விட்ட இடைவெளியை அவை நிரப்பிவிடுகின்றன. அவருடைய தாமதம் பிழைபோலக் கேட்கிறது. ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்துக்காக அறுபதுகளில், கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில்லில் அவர் பாடிய பல பதிவுகளின் குறை இதுதான். எழுத்து உயர்ந்தது, குரலும் இளமையானது, மேலே ஒரே ஜிகினா.

தொடங்க வேண்டிய இடம் 1975-ல் வந்த 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' ஆல்பம். டெக்சாஸின் கார்லண்டில் உள்ள ஒரு ஸ்டுடியோவில் குறைந்த செலவில் முடித்தார். டேப்பைக் கேட்ட கொலம்பியா இசைத்தட்டு நிறுவன அதிகாரிகள் இது மாதிரிப் பதிவுதானே என்று தயங்கினார்கள். அதிலிருந்து வந்த 'ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெயின்' பாடகராக அவருக்குக் கன்ட்ரி பட்டியலில் கிடைத்த முதல் முதலிடம். பாட்டு அவர் எழுதியதல்ல, ஃப்ரெட் ரோஸ் எழுதியது. நாற்பதுகளிலேயே பலர் பாடியது. இரண்டரை நிமிடம்கூட இல்லை. கிதார் தனியாக வரும் இடத்தைக் கவனியுங்கள்: மெட்டை அப்படியே வாசிக்கிறார், வித்தை எதுவும் காட்டவில்லை. பிரிவைப் பற்றிய பாட்டுக்கு அதற்கு மேல் ஒரு சுரம் வாசித்தாலும் அதிகம். இந்த ஆல்பத்தைக் கேட்கும்போது ஷஃபிளை அணைத்துவிடுங்கள். மனைவியையும் அவள் காதலனையும் கொன்றுவிட்டு அலையும் ஒரு பாதிரியாரின் கதை அது. 'டைம் ஆஃப் த ப்ரீச்சர்' பாட்டு நடுநடுவே திரும்ப வரும். வரிசை மாறினால் அது ஏன் திரும்புகிறது என்றே புரியாது. மொத்தம் சுமார் 33 நிமிடம்தான்.

அடுத்து 'க்ரேஸி'. எழுதியவர் வில்லி என்றாலும், 1961-ல் பாடகி பாட்ஸி க்ளைன் பாடியதுதான் உலகம் அறிந்த வடிவம். முதலில் கேட்க வேண்டியதும் அதுதான். வில்லியின் மாதிரிப் பதிவைக் கேட்டுப் பாட முயன்றபோது அவர் சொற்களை வைக்கும் விதம் பாட்ஸிக்குப் பிடிபடவில்லை. தன் வழியில் பாடிய பிறகே அமைந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் மேலே சொன்ன தாள விஷயம் முழுதாக விளங்கிவிடும். கிதார் வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: கன்ட்ரி பாட்டுதானே, மூன்று கார்டில் முடிந்துவிடும் என்று உட்கார்ந்தால் இரண்டாவது கார்டிலேயே சறுக்கும். சி மேஜரில் தொடங்கினால் அடுத்து வருவது ஏ செவன், பிறகு டி மைனர், ஜி செவன். அந்த ஏ செவனில் உள்ள சி ஷார்ப் சுரம் மூல ஸ்கேலில் கிடையாது. மெட்டின் ஏக்கம் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

கிதாரைச் சொல்லாமல் இவர் பாட்டைப் பேச முடியாது. 1969 முதல் கூடவே இருக்கும் 'ட்ரிகர்' ஒரு மார்ட்டின் என்-20. நைலான் நரம்பு போட்ட கிளாசிக்கல் கிதார், விரலால் மீட்டுவதற்கென்று செய்தது. இவர் பிக் (நரம்பை மீட்டும் சிறு வில்லை) வைத்து அடிக்கிறார். அந்த வகைக் கிதாரில் பிக் படும் இடத்தைக் காக்கும் தகடு இருக்காது. அதனால் மரம் தேய்ந்து, ஒலித்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு துளை விழுந்துவிட்டது. உடைந்துபோன பழைய பால்ட்வின் கிதாரின் பிக்கப்பை (நரம்பின் அதிர்வை மின்னொலியாக்கும் கருவியை) கழற்றி இதில் பொருத்தியிருக்கிறார்கள். நைலானின் மென்மையும் பிக்கப்பின் கூர்மையும் கலந்த அந்த 'டொக்' என்ற ஒலி வேறு யாரிடமும் இல்லை. போன் ஸ்பீக்கரில் இது தட்டையாகிவிடும், ஹெட்போன் அவசியம். கேட்கத் தோதான பாட்டு 'ஏஞ்சல் ஃப்ளையிங் டூ க்ளோஸ் டு த க்ரவுண்ட்'. அவரே எழுதியது, 1981-ல் முதலிடம் பிடித்தது. அவருடைய மெல்லிசைப் பாடல்களில் இதற்கே முதல் மதிப்பெண்.

1978-ன் 'ஸ்டார்டஸ்ட்' ஆல்பத்தில் இருப்பவை பத்துப் பழைய அமெரிக்கப் பாடல்கள். தயாரித்தவர் சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் இசை வகை) இசைக்காரரான புக்கர் டி. ஜோன்ஸ். கன்ட்ரி ரசிகர்கள் ஏற்பார்களா என்று கம்பெனி பயந்தது. 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்', 'ப்ளூ ஸ்கைஸ்' இரண்டுமே முதலிடத்துக்குப் போயின. கன்ட்ரி என்றாலே ஒதுங்குபவர்களுக்கு இதைத்தான் கொடுக்க வேண்டும்.

'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்' (1982) மேலே சொன்ன அளவுகோலுக்குக் கொஞ்சம் மீறியது, மெருகு கூடுதல். ஆனாலும் தவிர்க்க முடியாது. எல்விஸ் இதைப் பாடும்போது குமுறுகிறார், வில்லி தப்பை ஒப்புக்கொள்கிறார். வரிகளுக்குப் பொருந்துவது இரண்டாவதுதான். 'ஆன் த ரோட் அகெய்ன்' பயணத்துக்கு நல்ல பாட்டு, அவ்வளவே. இன்னொரு கன்ட்ரி பாடகரான மெர்ல் ஹேகர்டுடன் பாடிய 'பான்ச்சோ அண்ட் லெஃப்டி'யைப் பொறுமையாகக் கடைசிவரை கேளுங்கள். எழுதியவர் டவுன்ஸ் வான் ஜான்ட். ஹேகர்டின் குரல் கடைசிப் பகுதியில்தான் வருகிறது. தூக்கத்திலிருந்து எழுப்பிப் பாட வைத்த குரல் அது. அந்தக் களைப்பு பாட்டுக்கு அவ்வளவு பொருத்தம்.

பலர் தவறவிடுவது 1996-ன் 'ஸ்பிரிட்'. டிரம்ஸ் இல்லை, பாஸ் இல்லை. கிதார்கள், அக்கா பாபியின் பியானோ, ஜானி கிம்பிளின் ஃபிடில், அவ்வளவுதான். 2005-ல் வந்த ரெகே (ஜமைக்கா இசை) ஆல்பமான 'கன்ட்ரிமேன்' தேவையில்லை. ரெகேயின் இறுக்கமான எதிரடி அவருடைய தாள சுதந்திரத்தைக் கட்டிப்போடுகிறது.

தொகுப்பு வாங்குபவர்கள் கவனிக்க: அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் பாடிய மாதிரிப் பதிவுகள் வேறு வேறு அட்டைகளில், 'சிறந்த பாடல்கள்' என்ற பெயரிலும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. பட்டியலில் 1975-க்குப் பிந்தைய பாட்டு ஒன்றுகூட இல்லையென்றால் வைத்துவிடுங்கள். கொலம்பியா 2003-ல் வெளியிட்ட இரண்டு டிஸ்க் 'எசென்ஷியல்' தொகுப்பு போதும். ஆர்சிஏ காலத்துப் பாடல்கள் வேண்டுமென்றால் 2009-ன் 'நேக்கட் வில்லி'யை எடுங்கள். 1973 முதல் அவருடன் ஹார்மோனிகா வாசிக்கும் மிக்கி ராஃபேல், அந்தப் பழைய டேப்புகளில் 17 பாடல்களை எடுத்து, வயலின்களையும் கோரஸையும் நீக்கிக் கொடுத்திருக்கிறார். அதே குரல், அதே நாள் பாடியது, இப்போது சொற்களுக்கு நடுவே இடம் இருக்கிறது.